அடுகோடியில் உட்கார்ந்து ஸ்டட்கார்ட்டில் ரூம் பிடித்த கதை

வீடு பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில்; ஆனால் நான் பார்த்துக் கொடுத்த வீடு எதற்குள்ளும் இதுவரை கால் வைத்ததில்லை. வீடெல்லாம் ஜெர்மனியில் இருக்கிறது, நான் பெங்களூர் அடுகோடியில் இருக்கிறேன். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு வழிகாட்டும் சின்ன கன்சல்டன்சி எங்களுடையது. அட்மிஷனுக்கு ஒருத்தர், விசாவுக்கு ஒருத்தர், தங்குவதற்கு இடம் தேட ஸ்டெல்லா மேடம், அதாவது நான். டு-லெட் போர்டைத் தேடிச் சந்து சந்தாக அலைந்தவர்களே, "நான்-வெஜ் சாப்பிடுவீங்களா?" என்று ஓனர் கேட்டதும் முகம் மாறாமல் நின்று சமாளித்தவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

அப்பா போட்ட கண்டிஷன்

சத்யா ஹெப்பகோடியிலிருந்து அப்பாவோடு வந்தாள். அப்பா முருகேசன் அங்கே ஒரு ஃபேக்டரியில் மெஷின் ஆபரேட்டர். பெண்ணுக்கு ஸ்டட்கார்ட்டில் மேல்படிப்புக்கு சீட் கிடைத்தாச்சு, விசா வந்தாச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு. ரூம் மட்டும் இல்லை. ஸ்டூடண்ட் ஹாஸ்டலில் வெயிட்டிங் லிஸ்ட். அது நகருகிற வேகத்தைப் பார்த்தால் இவள் படித்து முடித்து வேலைக்கே போய்விடுவாள்.

"முதல்ல நாலு நாள் எங்கயாவது தங்கிட்டு, அங்க போய்த் தேடிக்கலாம் சார். நிறைய பேர் அப்படித்தான் போறாங்க" என்றேன். முருகேசன் சார் பேனாவை எடுத்தார். என் மேஜையிலிருந்த நோட்பேடில் ஒரு தாளைக் கிழித்தார், மேலே "செல்வி மு. சத்யா" என்று அழகாக எழுதினார், கீழே நாலு கோடு போட்டார், என் பக்கம் தள்ளினார்.

"டிக்கெட்டுக்கு இருபது நாள் இருக்கு மேடம். இந்த நாலு கோட்டுல அட்ரஸ எழுதிக் குடுங்க. அட்ரஸ் இல்லாத ஊருக்கு எம் பொண்ண அனுப்ப மாட்டேன்."

கிச்சன் எங்கே?

முதல் வாரத்திலேயே ஒரு தனி வீடு மாட்டியது. பெருமையாக முருகேசன் சாருக்கு போட்டோ அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் போன். "ஹால் தெரியுது, பாத்ரூம் தெரியுது. கிச்சன் எங்க மேடம்?" அந்தக் கடைசி போட்டோதான் கிச்சன் என்றேன். வெள்ளைச் சுவரும், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு பைப்பும்தான் அதில் இருந்தன. அங்கே நிறைய வீடுகளில் அப்படித்தான். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் குடியிருப்பவர்களே வாங்கி மாட்டி, காலி பண்ணும்போது கையோடு எடுத்துப் போய்விடுவார்கள் என்று விளக்கினேன்.

மனுஷர் அந்த போட்டோவை இன்னொரு தரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நம்ம ஊர்ல காலி பண்றப்ப பல்பக் கழட்டிட்டுப் போனாலே ஓனர் ஒரு வாரம் திட்டுவான். இவங்க அடுப்படியவே கழட்டிட்டுப் போறாங்களா? நல்லா இருக்கு மேடம் உங்க ஜெர்மனி!"

என் அனுபவப் பாடம்

அதை விட்டுவிட்டு, அடுத்து பகிர்ந்து தங்கும் வீடுகள். மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருப்பார்கள். ஆளுக்கொரு ரூம், கிச்சன் பொது. ஒரு ரூம் காலியானால் புது ஆளைத் தேர்ந்தெடுப்பது ஓனர் இல்லை, உள்ளே இருக்கிற பசங்கள்தான். அதற்கு வீடியோ காலில் ஒரு இன்டர்வியூ.

நான் ஒரே வாடகை வீட்டில் ஒன்பது வருஷம் தாக்குப் பிடித்தவள். ஓனர் ஆன்ட்டி தண்ணி மோட்டாரை அரை மணி நேரம்தான் போடுவேன் என்றாலும் சரி, மாடியில் துணி காயப்போடாதே என்றாலும் சரி, சொந்தக்காரர்கள் ராத்தங்கக் கூடாது என்றாலும் சரி, என் ஒரே பதில், "பரவால்லை ஆன்ட்டி, அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்." பெங்களூரில் வாடகைக்கு இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய மந்திரம் உண்டா, நீங்களே சொல்லுங்கள். அதையே சத்யாவுக்கும் ஓதினேன். அவளும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி நெட்டுருப் போட்டாள். வீட்டில் பூனை இருக்கிறது, பரவாயில்லையா? அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன். எங்களோடு இருக்கிற யோனாஸ் டிரம்ஸ் வாசிப்பான். அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன். உனக்கு என்ன பிடிக்கும்? எதுவா இருந்தாலும் சரி.

ஐந்து வீடு, ஐந்திலும் இல்லை என்றுவிட்டார்கள். ஒரு வீட்டுக்காரர்கள் மட்டும் மரியாதையாகக் காரணம் எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"சத்யா ரொம்ப இனிமையான பெண். ஆனால் அரை மணி நேரம் பேசியும் அவள் யாரென்றே எங்களுக்குத் தெரியவில்லை."

நவாஸ் பாயின் சுத்தியல்

எங்கள் ஆபீசுக்குக் கீழே நவாஸ் பாயின் டிங்கரிங் ஷெட். நசுங்கிய காரையெல்லாம் தட்டி நிமிர்த்துகிற இடம். ஆறாவது இன்டர்வியூ ஒரு சனிக்கிழமை மத்தியானம். அங்கே அப்போதுதான் காலை பத்து மணி. "எங்கள் வீட்டில் அமைதி முக்கியம்" என்று அந்த வீட்டில் இருக்கிற பெண் சொல்லி வாய் மூடவில்லை, கீழேயிருந்து டங் டங் டங். அவள் மிரண்டு போய், "அங்கே ஏதாவது கலவரமா?" என்று கேட்டாள். நம்ம சத்யா சிரித்த முகமாக, "பரவால்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்" என்றாள்.

நான் படியில் உருண்டு விழாத குறையாக ஓடினேன். "பாய், அரை மணி நேரம், ப்ளீஸ்!" பாய் சுத்தியலைத் தலைக்கு மேலே தூக்கியபடியே கேட்டார். கேட்டுவிட்டுக் கீழே வைத்தும் விட்டார், தங்கமான மனுஷர். ஆனால் அந்த ரூம் போனது போனதுதான்.

"அரே, ஜெர்மனில ஒரு பொண்ணுக்குக் காது வலிக்கும்னு நான் அடுகோடில சுத்தியல கீழ வெக்கணுமா? சரி, வெச்சுட்டேன். ரூம் கெடச்சா பிரியாணி வேணும் மேடம்."

சிங்க்

டிக்கெட்டுக்கு இன்னும் ஐந்து நாள். அந்தத் தாளில் நாலு கோடும் காலியாகவே கிடந்தது. காலையில் வந்த சத்யா என் எதிரில் உட்கார்ந்து அழுதாள். ஊரில் இல்லாத புத்திசாலி மாதிரி நான் சொல்லிக் கொடுத்ததைத்தானே அவள் ஒப்பித்தாள்? ஆனால் வேறு என்ன சொல்லிக் கொடுப்பதென்றும் எனக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் கடைசி வீடு. பாய் தானாகவே வேலையை நிறுத்தியிருந்தார். லேனா என்ற பெண்ணும் ஃபேலிக்ஸ் என்ற பையனும். ஃபேலிக்ஸ் லேப்டாப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினான். இதுதான் ரூம், இதுதான் பால்கனி, இதுதான் கிச்சன். சிங்க் நிறையப் பாத்திரம். மேலாக ஒரு வாணலி, அதில் என்னவோ காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது.

"அய்யய்யோ! யாரு இத இப்படிப் போட்டது?" என்று சத்யா தமிழிலேயே கத்திவிட்டாள். அப்புறம் இங்கிலீஷில் பிடித்தாள் பாருங்கள், பிடி! எத்தனை நாளாகக் கிடக்கிறது? மூன்று நாளா? ஊறவாவது வைக்கக் கூடாதா? சிங்க்கில் ஒரு ஸ்பூன் கிடந்தாலும் எனக்குத் தூக்கம் வராது, இதோடெல்லாம் என்னால் இருக்க முடியாது. நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் என் காலைத் திருப்பி மிதித்தாள். அங்கே லேனா ஓடி வந்து லேப்டாப்பைப் பிடுங்கி, "ஒரு வருஷமா நானும் இதைத்தான் சொல்றேன்!" என்றாள். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் பேசினார்கள். சத்யாவுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, எதற்கெல்லாம் மூக்குமேல் கோபம் வரும் என்று நானே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் லேனாவிடமிருந்து மெசேஜ் வந்தது.

"ரூம் உனக்குத்தான் சத்யா. ஃபேலிக்ஸ் இப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறான்."

நாலு கோடு

முருகேசன் சார் ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். நான் அட்ரஸை எழுதினேன். தெருப் பெயரே ஒன்றரைக் கோட்டுக்கு ஓடியது. அவர் அதை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, முடியாமல் மகளிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார். சிங்க் கதையை நான் சொன்னதும் சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"வீட்ல தெனமும் இந்தத் திட்டு வாங்குறது நான்தான் மேடம். சாப்ட்ட தட்ட அப்படியே போட்டுட்டு எழுந்துடுவேன். இனிமே அந்தத் தம்பி வாங்கட்டும்."

புதுப் பாடம்

பாய்க்குப் பிரியாணி போய்ச் சேர்ந்தது. எனக்கும் ஞானம் வந்தது. அடுத்து வந்த பிள்ளைகளுக்கு மாடல் ஆன்சரை மாற்றி, டைப் அடித்தே கையில் கொடுத்தேன்: அட்ஜஸ்ட் என்ற வார்த்தையே வரக் கூடாது. கிச்சனைக் காட்டச் சொல். சிங்க்கைப் பார். திட்டு. எல்லாரும் பயபக்தியோடு மனப்பாடம் பண்ணினார்கள். அடடா, என்ன ஒரு டெக்னிக் என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து சத்யாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். லேனா படிப்பு முடித்துக் கிளம்புகிறாளாம், ஆள் எடுக்கிறார்களாம். இந்த முறை இன்டர்வியூ பண்ணுகிற பக்கத்தில் சத்யா.

"அக்கா, நேத்து ஒரு பெங்களூர் பையன் வீடியோ கால்ல வந்தான். கிச்சனக் காட்டுங்கன்னான், காட்டினோம். 'அய்யய்யோ, யாரு இத இப்படிப் போட்டது?'ன்னு ஒரே கத்து. சிங்க் காலியா இருந்துச்சுக்கா. உங்க ஸ்டூடண்ட்தானே?"

இத்தனை வருஷத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: ரூம் இருக்கிற இடத்தை நான் காட்டலாம், வாயை மட்டும் அவரவரே கொண்டுவர வேண்டும்.