அலுமாரிக்குள் விழுந்த கெமிஸ்ட்ரி வகுப்பு

வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டின் படுக்கையறைதான் என் ஸ்டூடியோ. சத்தம் வெளியே போகக்கூடாதென்று கிற்றாரின் அம்ப்ளிஃபயரை அலுமாரிக்குள் வைத்து, சுற்றிவரப் போர்வைகளை அடைத்து, முன்னால் மைக்கை நிறுத்திப் பதிவு செய்வேன். அப்படியிருந்தும் ஒருநாள் பின்னேரம் பக்கத்து வீட்டுக் கெமிஸ்ட்ரி சேர் கதவைத் தட்டினார்.

“என்ன பிள்ளை, இது மனுசர் இருக்கிற இடமெல்லோ? என்ர ரியூஷன் பிள்ளையளுக்கு ஒண்டும் கேக்குதில்லையாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க மைக் பிடித்துப் படிப்பிக்கிற மனுசன், என்னிடம் சத்தத்தைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறார்!

“உள்ளுக்கு வாங்கோ சேர். ஒருக்கால் இதைக் கேளுங்கோ” என்று அன்று பதிவு செய்த பாட்டைப் போட்டு, ஹெட்போனை நீட்டினேன். கடைசிச் சுரம் மெல்ல ஓய்ந்த இடத்தில், சுவரையும் போர்வைகளையும் தாண்டி அவருடைய குரல் கணீரென்று எழுந்தது: “இலத்திரனை இழந்தால் ஒட்சியேற்றம்! விளங்குதோ?”

அந்தக் குரலால் எத்தனை தரம் திரும்ப வாசித்திருப்பேன்!

சேர் கண்ணை மூடிக் கேட்டார். வெட்கப்படுகிறாராக்கும் என்று நினைத்தேன்.

“என்ர குரல் அருமையாய் விழுந்திருக்கு பிள்ளை. அந்தக் கிற்றாரை மட்டும் எடுத்துப்போட்டுத் தாங்கோ, பிள்ளையளுக்குக் குடுக்கலாம்.”

ஹெட்போனை அவரிடமிருந்து பறித்து எடுத்தேன்.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அலுமாரியைச் சாத்தும்போது இப்போதெல்லாம் இன்னொரு போர்வையையும் உள்ளே திணிக்கிறேன். என்னுடைய சத்தமும் எனக்கு இசையாகத்தானே கேட்கிறது.