நன்றின்னு போட்ட அந்தக் கடைசி வரி

ஊர்ச் செய்தி போடுற வேலையில செய்தியை எழுதுறது அஞ்சு நிமிஷம். அதை யார் சொன்னாங்கன்னு கடைசி வரியில எழுதுறதுதான் நாள் பூரா சண்டை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்குது. கூடவே ஊருக்குன்னு ஒரு இணையதளம் நடத்துறேன். எந்தத் தெருவுல கரண்ட் இருக்காது, எந்த பஸ் இன்னைக்கு வராது, யார் வீட்டுல விசேஷம், யார் வீட்டுல சாவு, எது தொலைஞ்சது, எது கிடைச்சது, எல்லாம் அதுல வரும். எங்களுக்கு நிருபர்னு யாரும் கிடையாது. ஊர் ஜனம்தான் நிருபர். அதனால ஆரம்பிச்ச நாளே ஒரு சட்டம் போட்டுக்கிட்டேன்: ஒவ்வொரு செய்திக்கும் கீழே ‘நன்றி’ன்னு போட்டு, சொன்னவங்க பேரும் ஊரும் எழுதணும். பத்திரிகைக்காரங்க அப்படித்தானே போடுறாங்க.

வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மினா மாட்டிக்கிட்டவங்க, தெரு சங்கத்துக்கு ஃபேஸ்புக் பக்கம் நடத்துறவங்க, உங்களுக்கெல்லாம் நான் சொல்லப்போறது புதுசா இருக்காது. நம்ம எல்லாருக்கும் ஒரே தலையெழுத்துதான். அந்தக் கடைசி வரியை ஜனங்க கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிட்டுப் போயிடுவாங்க. போனா போகட்டும்னு நானும் பல தடவை விட்டிருக்கேன். ஆனா அந்த ஒரு வரி காணாமப் போனதால ஒரு சின்னப் பொண்ணு காது கேக்காம வீட்டுல உட்கார்ந்திருந்தா. அதுக்கப்புறம் விட முடியல. அந்தக் கதைக்கு வர்றதுக்கு முன்னாடி, இந்த ‘நன்றி’ என்னைப் படுத்தின பாட்டைக் கொஞ்சம் கேளுங்க.

பெரியப்பா செத்ததுக்கு நன்றி

ஒரு நாள் ஏழுமலைன்னு ஒருத்தர் போன் பண்ணினார். அவங்க நைனா இறந்துட்டார், சாயங்காலம் அடக்கம், தூரத்துல இருக்குற சொந்தக்காரங்களுக்குத் தெரியணும், போட்டுடுங்கன்னு அழுதுக்கிட்டே சொன்னார். எனக்கும் மனசு கஷ்டமாயிடுச்சு. வர்ற வேலையெல்லாம் நிறுத்திட்டுப் படத்தோட போட்டேன். சட்டம் சட்டம்தானே, கீழே மறக்காம ‘நன்றி: ஏழுமலை’ன்னும் போட்டேன்.

அடக்கம் முடிஞ்ச கையோட ஏழுமலையோட சித்தப்பா பையன் கடைக்கு வந்துட்டார். ஜெராக்ஸுக்கு நின்ன அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினார். தகவல் சொன்னதுக்குத்தாங்க நன்றின்னு நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். மனுஷன் காதுல போட்டுக்குற நிலைமையிலேயே இல்ல. “எங்க பெரியப்பா செத்ததுக்கு அவரு புள்ளைக்கே நன்றி சொல்றியே, இன்னாம்மா, அவன் இன்னா கொன்னா போட்டான்?”

வதந்தியோட சொந்த ஊரு

அன்னையிலேருந்து சாவுச் செய்திக்கு மட்டும் ‘தகவல்’னு மாத்திட்டேன். மத்ததுக்கெல்லாம் பழையபடி நன்றிதான்.

அடுத்து ஆட்டோ ஓட்டுற சேகர். ஒரு நாள் காலையில வேர்த்து விறுவிறுத்து வந்து, நாளைக்குக் கோட்டையை மூடுறாங்களாம், உடனே போடு அக்கான்னார். வெளியூர்க்காரங்க கோட்டை பார்க்க வந்தாத்தான் அவருக்கு வண்டி ஓடும். அந்த டென்ஷன் அவருக்கு. யார் சொன்னதுன்னு கேட்டேன். மச்சான் அனுப்பினானாம். மச்சானுக்கு யாரு? அவன் கூடப் படிச்சவன். அவனுக்கு யாரு? திண்டிவனத்துல இருக்குற ஒரு அத்தை. ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, ஆத்துல எதிர்நீச்சல் போடுற மாதிரி போனோம். கடைசியில அந்த அத்தை அனுப்பின படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தா, மேல் ஓரத்துல எங்க இணையதளத்தோட பேரு பாதி தெரியுது!

எப்பவோ ஒரு மழைக்காலத்துல, வழுக்குது, ஒரு நாள் மட்டும் மேலே ஏற விட மாட்டாங்கன்னு நான் போட்ட செய்தி அது. தேதியையும் கடைசி வரியையும் யாரோ வெட்டிட்டாங்க. மிச்சம் ஊரெல்லாம் சுத்திட்டு என்கிட்டயே விருந்தாளி மாதிரி வந்து நிக்குது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சேகர் மட்டும் சிரிக்கல. இடுப்புல கைய வெச்சிக்கிட்டுக் கேட்டார்: “அப்ப இந்த வதந்தியக் கெளப்புனதே நீதானா அக்கா?”

ரீச் போயிடும்

வெட்டுறது யாருன்னு எனக்குத் தெரியாம இல்ல. மார்க்கெட் தெருவுல மொபைல் கடை வெச்சிருக்குற பாஸ்கர். தங்கமான பையன், ஆத்திர அவசரத்துக்கு ஓடி வருவான். ஆனா அவன் நடத்துற ஃபேஸ்புக் பக்கம் எங்களுதைவிடப் பல மடங்கு பெருசு. பாதிச் செய்தி எங்களுது. எழுத்துப் பிழையோட அப்படியே எடுப்பான், கடைசி வரியை மட்டும் கச்சிதமா வெட்டிடுவான். ஒரு தடவை நான் ‘பேரூராட்சி’க்கு ஒரு கால் விட்டுட்டேன், அவன் பக்கத்துலயும் அதே கால் நொண்டுது.

நேராப் போய்க் கேட்டுட்டேன். ஏன்டா, சோறு நான் வடிக்கிறேன், நீ பந்தி வைக்கிற, போகட்டும். தகவல் சொன்னவங்க பேரையாவது விட்டு வைக்கக் கூடாதான்னு. அவன் ஒண்ணும் சண்டைக்கு வரல. கஸ்டமர் போனைத் திறந்து போட்டபடியே, சின்னக் குழந்தைக்குப் பாடம் சொல்ற மாதிரி பொறுமையாச் சொன்னான்: “அக்கா, செய்தி எல்லாருக்கும் பொது, நன்றி உங்க ரெண்டு பேருக்குள்ள இருக்குற விஷயம், அத வெச்சா யாரும் ஷேர் பண்ண மாட்டாங்க, ரீச் போயிடும்.”

ரோஸ் கலர் டப்பா

இனிமேதான் அந்தக் கதை. சிங்கவரம் கோவிந்தம்மாவை உங்களுக்குச் சொல்லணும். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உடைக்கிற மில்லுல வேலை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்துல என் கடைக்கு வந்து ஃபேனுக்குக் கீழ நின்னு ஊர் நியாயம் பேசிட்டுப் போறவங்க. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல கிடந்ததுன்னு ஒரு சின்ன டப்பாவைக் கொண்டாந்தாங்க. ரோஸ் கலர், மேலே முயல் பொம்மை ஸ்டிக்கர். உள்ள சின்னதா ஒரு காது மிஷின். குழந்தைங்க போடுற அளவு. பேரு இல்ல, போன் நம்பர் இல்ல. எந்தப் பிள்ளையோ இந்நேரம் ஒண்ணும் கேக்காம முழிச்சிட்டு இருக்குமே.

படம் எடுத்தேன். டப்பாவை இங்கயே வெச்சிட்டுப் போங்கன்னேன். உன் ஜெராக்ஸ் கூட்டத்துல இதுவும் பறந்துடும், என்கிட்டயே இருக்கட்டும்னு முந்தானையில முடிஞ்சிக்கிட்டாங்க. செய்தி போட்டேன். கடைசி வரியில, எங்க வழக்கப்படி, ‘நன்றி: கோவிந்தம்மா, மல்லாட்டை மில், சிங்கவரம். டப்பா அவரிடம் உள்ளது’. படிச்சுக் காட்டினதும் கோவிந்தம்மாவுக்கு வெக்கமும் பயமும் ஒண்ணா வந்துடுச்சு. “ஐயய்ய, என் பேர ஏன் போட்ட, மில்லுல கேட்டா நெட்டுல உனக்கு இன்னா வேலைன்னு ஓட்டுவாளுங்களே!”

சேரும் வரை பகிருங்கள்

சாயங்காலத்துக்குள்ள பாஸ்கர் அதை எடுத்துட்டான். வழக்கம்போல கடைசி வரி காலி. அதுக்குப் பதிலா ‘உரியவரிடம் சேரும் வரை பகிருங்கள்’னு சிவப்பு எழுத்துல ஒரு வரி. ஜனங்க பகிர்ந்தாங்க பாருங்க, அப்படிப் பகிர்ந்தாங்க! செஞ்சிங்கிற பேரும் எங்கயோ வழியில உதிர்ந்துடுச்சு. என் தங்கச்சி வீட்டுக்காரர் பெங்களூர்லேருந்து அதை எனக்கே அனுப்பி, உங்க ஊர்ப் பக்கமா பாருங்கன்னார். நான் தலையில அடிச்சுக்கிட்டேன். இவ்வளவு பரவுதே, அந்தக் குழந்தையோட அம்மா எப்படியும் பார்த்துடுவாங்கன்னு எனக்கு ஒரு நம்பிக்கை. நாள் போகுது, ஒருத்தரும் வரல. தினமும் கோவிந்தம்மா வாசல்ல நின்னு “யாருனா வந்தாங்களா?”ன்னு கேப்பாங்க. இல்லன்னு தலையாட்டுவேன்.

அந்த அம்மா பார்த்துட்டாங்க. அதுதான் கொடுமை. அவங்க பேரு செல்வி, ஊரு சீயமங்கலம். விழுப்புரத்துல டாக்டர்கிட்ட காட்டிட்டு, செஞ்சியில பஸ் மாறிப் போயிருக்காங்க. பொண்ணு யாழினிக்கு அஞ்சு வயசு, வேர்க்குதுன்னு மிஷினைக் கழட்டி டப்பாவுல போட்டா. டப்பா எங்க போச்சுன்னே தெரியல. ஆஸ்பத்திரியா, முதல் பஸ்ஸா, ரெண்டாவது பஸ்ஸா, பெஞ்சா? முகாம்ல கொடுத்த மிஷின், மறுபடியும் எப்பக் கிடைக்குமோ. இப்படி அழுதுக்கிட்டு இருக்குறப்ப அக்காகாரி அனுப்பின படத்துல அதே முயல் ஸ்டிக்கர். அவங்க கையால ஒட்டினது. பொருள் கண்ணுக்குத் தெரியுது, எங்க இருக்குதுன்னு தெரியல. அக்காவைக் கேட்டா, எனக்கு அனுப்பினவங்களைக் கேளுன்னாங்களாம். கீழே கமெண்ட்ல “இது என் பொண்ணுது, யார்கிட்ட இருக்குது?”ன்னு எழுதினாங்களாம். பதிலுக்கு ஒருத்தர் கும்பிடு பொம்மை போட்டு எழுதியிருக்கார்: “பகிர்ந்துவிட்டேன் சகோதரி.”

நன்றியுரை

கடைசியில செல்வி ஒவ்வொருத்தரா விசாரிச்சு, பொண்ணையும் இழுத்துக்கிட்டு, பாஸ்கர் கடை வாசலுக்கே வந்துட்டாங்க. அவன் எங்கிருந்து எடுத்தான்னு அவனுக்கே ஞாபகம் இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை எடுக்குறான், பாவம்! தேடித் தேடிப் பார்த்துட்டு, ஒரு சந்தேகத்துல என் கடைக்குக் கூட்டிட்டு வந்தான். “அக்கா, இது உன்னுதா?”ன்னு அவன் கேட்டப்ப எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. பக்கத்துல யாழினி நிக்குறா. நாங்க கத்துறது ஒண்ணும் தெரியாம, ஜெராக்ஸ் மிஷின்ல ஓடுற பச்சை வெளிச்சத்தைப் பார்த்துச் சிரிச்சிட்டு இருக்கா. அதைப் பார்த்து பாஸ்கர் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எனக்கும் குரல் இறங்கிடுச்சு.

நான் என் பக்கத்தைத் திறந்து செல்விகிட்ட காட்டினேன். இதோ பாரும்மா, ஆளு, ஊரு, மில்லு, எல்லாம் போட்டிருக்கேன், இவன்தான் வெட்டிட்டான்னேன். என் மேல தப்பில்லன்னு நிரூபிச்சுட்ட திருப்தி எனக்கு. செல்வி குனிஞ்சு படிச்சாங்க, இன்னொரு தடவை படிச்சாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க பாருங்க, பாஸ்கரைக்கூட அப்படிப் பார்க்கல. “நீ மட்டும் இன்னாக்கா, நன்றின்னு போட்டா யாரு படிப்பாங்க, கூட்டத்துல நன்றியுரைன்னு சொன்ன ஒடனே எல்லாரும் சேரை வுட்டு எழுந்து பூடுவாங்களே, தெரியாதா உனக்கு?”

மில்லுல

ஷட்டரை இறக்கினேன். சேகர் ஆட்டோவுல எல்லாரும் சிங்கவரம் போனோம். மில்லு ஓடிட்டு இருந்தது. பேச்சே கேக்கல, எங்க பார்த்தாலும் தூசி. கோவிந்தம்மா தலைத்துண்டோட ஓடி வந்தாங்க, நாங்க சொல்றதுக்கு முன்னாடியே பொண்ணைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டாங்க. முந்தானை முடிச்சை அவிழ்த்து டப்பாவை செல்வி கையில வெச்சாங்க. தினமும் வேலைக்குக் கொண்டு வந்துட்டு, தினமும் வீட்டுக்குக் கொண்டு போயிட்டு இருந்திருக்காங்க, யாராவது வந்து கேட்டா உடனே கொடுக்கணும்னு.

செல்வி அங்கயே உட்கார்ந்து மிஷினைப் பொண்ணு காதுல மாட்டினாங்க. நாங்க எல்லாரும் மூச்சை அடக்கிட்டு அவ மூஞ்சியையே பார்க்குறோம். ஏதோ அம்மான்னு கூப்பிடுவா, சிரிப்பான்னு என் நெனப்பு. அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு. ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டு “சத்தம்!”னு வீல்னு கத்தினா. செல்வி கேவிக் கேவி அழறாங்க, பாஸ்கர் ஓடிப் போய் மில்லுக்காரர்கிட்ட மோட்டாரை நிறுத்தச் சொல்றான், எனக்கும் கண்ணு நிறைஞ்சு ஒண்ணும் தெரியல. கோவிந்தம்மா மட்டும் யாழினி கன்னத்தைக் கிள்ளி முத்தம் வெச்சாங்க. “இன்னாடி கண்ணு, இத்தினி நாளு பத்திரமா வெச்சிருந்து குடுத்தா, வந்ததும் எங்க மில்லையே கொற சொல்றியா!”

இவங்களைக் கேளுங்க

திரும்பி வந்ததும் முதல் வேலையா அந்த ‘நன்றி’யை எடுத்தேன். இப்ப ஒவ்வொரு செய்திக்கும் கீழே ‘இவங்களைக் கேளுங்க’ன்னு போட்டு, பேரும் ஊரும் போடுறேன். அதே பேருதான், அதே இடம்தான். இதுக்கும் சில பேர் பேரு வேணாம்னுவாங்க; அவங்களுக்கு என் கடைப் பேரைப் போட்டுடுவேன். சாவுச் செய்திக்கும் சேர்த்து இதேதான். ஏழுமலையோட சித்தப்பா பையன்கூட ஒண்ணும் சொல்லல.

போன வாரம் பாஸ்கர் பக்கத்தைப் பார்த்தேன். சிங்கவரம் ரோட்டுல ஒரு ரேஷன் கார்டு கிடைச்ச செய்தி, எங்களுதுதான், என் எழுத்துப் பிழையோட. கீழே கடைசி வரி முழுசா இருக்குது, எங்க இணையதளத்தோட பேரும் சேர்த்து. என்னால நம்ப முடியல. போன் போட்டு, ஏன்டா இதை மட்டும் வெட்டல, ரீச் போயிடாதான்னு கேட்டேன். அவன் குரல்ல உண்மையாவே ஆச்சரியம்: “அத எப்படிக்கா எடுக்குறது, அது இல்லன்னா செய்தியே இல்லியே!”

இத்தனை வருஷமா தொண்டைத் தண்ணி வத்த நானும் இதையேதான் சொல்லிட்டு இருந்தேன், என்ன, நன்றின்னு சொல்லித் தொலைச்சேன்.