மருத்துவச்சி வீட்டு வாத்து

ஜெர்மனியில் சாலே நதிக்கரையில் உள்ள எங்கள் ஊரில் நாற்பது வயதுக்கு உட்பட்ட எவரும் முதன்முதலில் அழுதது வால்புர்கா அம்மையின் கையில்தான். மருத்துவச்சி. முட்டிவலி வந்து வேலையை விட்டதும், 1911இல், தன் வீட்டைக் கசாப்புக்கடை ஏகோன் ரஷ்கேயிடம் கொடுத்தாள். கிரயம் மொத்தமாக இல்லை. அவள் சாகும்வரை மாடியறை, மாதம் அறுபது மார்க், வருஷாவருஷம் மார்ட்டின் திருநாளுக்கு ஒரு கொழுத்த பெருவாத்து என்று பத்திரம். அறுபது மார்க்கில் அன்று ஒருத்தி வயிறாரச் சாப்பிட்டு, விறகு வாங்கி, தேவாலயத் தட்டிலும் கொஞ்சம் போடலாம்.

பிறகு போர். நாடு தோற்றது, பின்னாலேயே பணமும் தோற்றது. 1923இல் நீதிமன்ற எழுத்தரான எனக்குக் காலையில் சம்பளம் தந்தால் மத்தியானத்துக்குள் அதை உருளைக்கிழங்காக மாற்றிவிட வேண்டும். சாயங்காலம் அது வெறும் காகிதம்.

ரஷ்கே நாணயஸ்தன். ஒன்றாம் தேதி தவறியதே இல்லை. அந்தச் செப்டம்பரில் மட்டும் சின்னச் சிக்கல்: அறுபது மார்க்குக்கு நாட்டில் நோட்டே கிடைக்கவில்லை. பத்து லட்சம் மார்க் நோட்டு ஒன்றோடு மாடியேறினான்.

"மீதியக் குடுங்கம்மா."

"எவ்வளவுடா மீதி?"

"ஒம்பது லட்சத்துத் தொண்ணூத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பது."

"எங்கிட்ட ஒரு முட்டைகூட இல்ல."

"அப்ப முன்பணமா இருக்கட்டும். கணக்குப் போட்டுட்டேன். மூவாயிரத்து முந்நூத்துப் பன்னெண்டாம் வருஷம் வரைக்கும் பாக்கி இல்ல. நிம்மதியா இருங்க."

"உன்னைக் காலைப் புடிச்சு இழுத்து வெளியே எடுத்தேன்டா. அன்னிக்கே தெரிஞ்சுது, நீ எதையும் நேரா செய்ய மாட்டேன்னு."

நோட்டை அவள் ஜன்னல் விரிசலில் திணித்தாள். குளிர் கொஞ்சம் அடங்கியது. ஆகவே அதைச் செல்லாப் பணம் என்று சொல்வது நியாயமில்லை. அக்டோபர் முழுக்கக் கீழேயிருந்து பன்றித்தொடை வாட்டும் வாசம் வந்தது. வாசத்தை முகர்ந்துகொண்டு மேலே அவள் வெறும் டர்னிப் கிழங்குக் கஞ்சி குடித்தாள். வாசத்துக்கு ரஷ்கே காசு கேட்கவில்லை.

நவம்பரில் மார்ட்டின் திருநாள் வந்தது. எழுத்து என்றால் எழுத்து. ரஷ்கே வாத்தை உயிரோடு கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே நீதிமன்றம் வந்தாள். நீதிபதி ரஷ்கேயையும் கூப்பிட்டனுப்பினார்.

"சட்டப்படி மார்க்குன்னா மார்க்குதாம்மா. நான் என்ன செய்ய?"

"அதேதாங்கய்யா," என்றான் ரஷ்கே.

"பத்திரம் எழுதின அன்னிக்கு வாத்து ஆறு மார்க்கு," என்றாள் வால்புர்கா. "அந்த ஆறு மார்க்கை விட்டெறியாம, வாத்தை ஏன் குடுத்தான்னு கேளுங்கய்யா."

"வாத்துன்னுதானே எழுதியிருக்கு!"

"ஏன் அப்படி எழுதினீங்க?" என்றார் நீதிபதி.

"வாத்து விலை ஏறும் இறங்குமேய்யா. பணமா எழுதினா இந்தம்மா ஏமாந்துடுவாங்கன்னு நான்தான்..."

மேசைக்கடியில் வாத்து ஒரு முறை கத்தியது. அதை நான் பதிவு செய்யவில்லை.

நீதிபதி விரல்விட்டு எண்ணினார். "அப்ப அறுபது மார்க்குன்னா பத்து வாத்து."

"மாசம் பத்து வாத்தா! கடையை வித்தாலும் ஆகாதுங்கய்யா. ஜனங்க எலும்புதான் வாங்குறாங்க."

அதுவும் பொய்யில்லை. கஷ்டத்தை இருவரும் சுமக்க வேண்டும் என்று, மாதம் மூன்று வாத்து மதிப்புக்கு இறைச்சியும் மாவும் தரும்படி தீர்ப்பானது. ரஷ்கே மேல்முறையீடு செய்தான். அது முடியும்வரை எதுவும் தர வேண்டாம் என்றும் உத்தரவு வாங்கினான்.

அவள் வாத்தைக் கொடுத்து விறகு வாங்கினாள். விறகு ஜனவரி வரை எரிந்தது. பிப்ரவரியில் மார்ச்சளி கண்டு இறந்தாள்.

மே மாதம் மேல்நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது: மாதம் மூன்று வாத்து, அம்மையார் உயிரோடிருக்கும்வரை. ரஷ்கே நாணயஸ்தன் என்றேன் அல்லவா? பாக்கி வாத்துகளுக்கெல்லாம் விலை போட்டு, அந்தப் பணத்தில் நல்ல கல்லறைக் கல்லாக நட்டான்.

மாடியறையை வாடகைக்கு விட்டிருக்கிறான். ஜன்னலில் அந்தப் பத்து லட்சம் இன்னும் இருக்கிறது. எடுத்தால் குளிர்காற்று வரும் என்கிறான்.