செம்மண் பொட்டலின் காவலர்

பர்மாவில், இன்சீனுக்கு வடக்கே நகரத்துக்குக் குடிதண்ணீர் போகிற ஏரி ஒன்று உண்டு. அதன் மேற்குக் கரையில் செம்மண் பொட்டல் ஒன்று வெகுகாலம் கிடந்தது. மழைக்காலத்தில் ஓரத்தில் மட்டும் புல் முளைக்கும். மற்ற மாதங்களில் சரளையும் புழுதியும்தான். அங்கே பெய்கிற மழை நேராக ஏரிக்குள் இறங்கும் என்பதால் அது காப்பு நிலம். வீடு கட்டக்கூடாது, மண் வெட்டக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது. தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி அந்தப் பொட்டலுக்குக் காவலராக இருந்தவர் உதயசூரியன்.

அப்பா இன்சீன் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். மகனுக்கு இரும்பு பிடிக்கவில்லை. இலாகாவில் கூலியாகச் சேர்ந்து காவலர் ஆனார். ஒல்லியான உடம்பு, வேகமான நடை. வெற்றிலைச் சாற்றைக்கூட கண்ட இடத்தில் துப்பமாட்டார். வீட்டில் மனைவி கமலாட்சியோடு தமிழில் பேசுவார். பிள்ளைகள் பர்மியத்தில் பதில் சொல்லும். இலாகாவில் பர்மிய வழக்கப்படி அவருக்குப் பெயர் கோ சூர்யா.

எண்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு சில வருடங்கள் அந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தமே இல்லை. பிறகு குறிசுடும் கிளப் ஒன்று மேலிடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தது. ஓய்வுபெற்ற அதிகாரிகள், மர வியாபாரிகள், கடைக்காரர்கள் என்று பொழுதுபோக்குக்குச் சுடுகிற ஆட்கள். வேட்டை கிடையாது. ஆனால் ஒழுங்கும் கிடையாது. நினைத்த நாளில் வந்தார்கள். புட்டிகளை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள், இலாகாவின் அறிவிப்புப் பலகையைச் சுட்டார்கள். பொட்டலின் விளிம்பில் நின்ற ஒரே பெரிய மரத்தைச் சுட்டுச் சுட்டு, ஒரு கோடையில் அது பட்டுப்போனது.

உதயசூரியன் பொறியாளர் ஊ லா பேயிடம் போய்ச் சொன்னார். "அனுமதி மேலேயிருந்து வந்தது, கோ சூர்யா. நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. ஒழுங்காகச் சுட வைக்க முடியுமா பார்" என்றார் அவர்.

உதயசூரியன் பார்த்தார். பொட்டலின் வடக்கு மூலையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு செம்மண் மேடு இருந்தது. அதன் முகத்தில் சுட்டால் குண்டு மண்ணுக்குள் புதைந்துவிடும். ஈயம் கரைந்து ஏரிக்கு வராதபடி மேட்டின் அடியில் வாய்க்கால் வெட்டி, தண்ணீரை ஒரு குழிக்குத் திருப்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளப் செயலாளர் முத்து முகம்மதைப் போய்ப் பார்த்தார். நகரத்துக்குள், கியாக்டடாவில் பூட்டும் கீலும் விற்கிற கடைக்காரர், நல்ல மனிதர்.

"பாய், இனிமே மேட்டுல மட்டும்தான் சுடணும். காகிதக் குறிதான், புட்டி கூடாது. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும்."

"எங்க ஆளுங்க கேப்பாங்களா தம்பி?"

"கேக்கலேன்னா நான் குறிக்கு முன்னாடி போயி நின்னுக்குவேன்."

முத்து முகம்மது சிரித்துவிட்டார். கிளப்காரர்களும் சொன்னதைக் கேட்டார்கள். சுடுகிற நேரத்தில் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏற வேண்டும், கொடி இறங்கும்வரை மேட்டுப் பக்கம் யாரும் போகக்கூடாது என்பது உதயசூரியன் போட்ட கடைசி விதி.

அந்த விதி யாருக்காக என்றால், பெரும்பாலும் தங்கமணிக்காக.

ஏரியின் மேற்கே மாடு வளர்க்கிற தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு இருந்தன. காப்பு நிலத்தில் மேய்க்க எழுத்தில் இடமில்லை என்றாலும், ஏரி வெட்டிய நாளிலிருந்து மேய்த்துவந்தார்கள், இலாகாவும் கண்டுகொள்ளவில்லை. அவர்களில் ஒருவர் தங்கமணி. புருஷன் காலமாகி, ஒரே மகள் புஷ்பலதாவோடு இருந்தார். இன்சீன் தேநீர்க் கடைகளுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்புவார். உடைந்த புட்டிக் கண்ணாடி குத்தி ஒரு பசுவின் குளம்பு சீழ் வைத்தபோது, அந்தக் கண்ணாடித் துண்டைக் கொண்டுவந்து உதயசூரியன் கையில் வைத்தவர் அவர்தான். "இத ஒங்க பெரியவர்கிட்ட காட்டுங்கண்ணே" என்றார். உதயசூரியன் பொறியாளரிடம் ஓடியது அதற்குப் பிறகுதான்.

கொடி வந்தபின் எல்லாம் சரியாயிற்று. கொடி பறந்தால் தங்கமணி மாடுகளைத் தெற்கே ஓட்டுவார். பறக்காவிட்டால் பொட்டல் ஓரத்துப் புல்லுக்கு விடுவார். சுடுகிறவர்கள் கிளம்பும்போது தோட்டா உறைகளையும் காகிதத்தையும் பொறுக்கிக்கொண்டு போனார்கள். ஊ லா பே ஒருமுறை வெளியூர் அதிகாரி ஒருவரை அழைத்துவந்து காட்டினார். "இவர்தான் இதையெல்லாம் செய்தது" என்று அவர் சொன்னபோது உதயசூரியனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தங்கமணி சில நாள் ஒரு குவளைப் பாலை அவருடைய காவல் குடிசையில் வைத்துவிட்டுப் போவார். உதயசூரியன் வேண்டாம் என்று சொல்லி அலுத்து, பிறகு குடித்துவிட்டுக் குவளையைக் கழுவி வைக்கப் பழகிக்கொண்டார்.

நம்பிக்கை வளர்ந்தது. ஒரு மழைக்கால முடிவில் வாயிற்கதவின் சாவி ஒன்றை முத்து முகம்மதிடம் கொடுத்தார். கொடுக்கக்கூடாதுதான். கிளப்காரர்கள் கதவுக்கு வெளியே வெயிலில் காத்துக்கிடப்பது அவருக்கே சங்கடமாக இருந்தது. "நான் வர லேட்டானா நீங்களே தொறந்துக்கங்க பாய். கொடிய மட்டும் மொதல்ல ஏத்திடுங்க."

தொண்ணூற்றாறு அக்டோபரில் ஒரு ஞாயிறு. கமலாட்சியின் தம்பி மகளுக்கு இன்சீன் கோயிலில் காதுகுத்து. உதயசூரியன் தலையைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் போனார். சாப்பிடாமல் விடமாட்டோம் என்றார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி அணைக்கரையில் நடந்து வரும்போதே வெடிச்சத்தம் கேட்டது. அது புதிதல்ல. அதற்குப் பிறகு கேட்டதுதான் புதிது. ஒரு பெண் கத்துகிற சத்தம்.

ஓடினார். மேட்டின் தோளில், புல் தழைத்திருந்த இடத்தில், தங்கமணியின் செவலைப் பசு முன்னங்கால் மடிந்து கிடந்தது. கழுத்திலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. சினைப்பசு. தங்கமணி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தாவணிபோல் போட்டிருந்த துண்டைக் காயத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கிளப்காரர்கள் தள்ளி நின்றார்கள். புதுத் துப்பாக்கி வாங்கிய உறுப்பினர் ஒருவர், மேட்டை விட்டு விலகி ஒரு தகர டப்பாவைச் சுட்டுப் பார்த்திருக்கிறார்.

உதயசூரியன் கம்பத்தைப் பார்த்தார். அது மொட்டையாக நின்றது.

அதே நேரம் அணைக்கரைச் சாலையில் ஜீப் ஒன்று வருவதையும் பார்த்தார். மதகு பார்க்க அன்று வருவதாக ஊ லா பே சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. சாவி, காதுகுத்து, தான் இல்லாத காவல் எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. தங்கமணி தலையைத் தூக்கி, "அண்ணே!" என்றார்.

உதயசூரியன் அவரிடம் போகவில்லை. குடிசைக்கு ஓடினார். மூலையில் மடித்து வைத்திருந்த கொடியை எடுத்துவந்து கயிற்றில் கட்டி, சரசரவென்று ஏற்றினார். அவர் ஏற்றுவதை எல்லோரும் பார்த்தார்கள். ஜீப் வந்து நின்றபோது காற்றில் கொடி நன்றாகவே பறந்தது.

ஊ லா பே இறங்கினார், பசுவைப் பார்த்தார், முகம் சுருங்கியது. எல்லோரையும் பட்டமரத்தின் அருகே கூப்பிட்டு விசாரித்தார். பேச்சு பர்மியத்தில் நடந்தது.

"கொடி பறக்கும்போது மாட்டை ஏன் விட்டாய்?" என்று தங்கமணியைக் கேட்டார்.

"கொடி இல்லை, சயா. கம்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். தினமும் பார்த்துவிட்டுத்தான் விடுவேன்."

ஊ லா பே உதயசூரியன் பக்கம் திரும்பினார். "கோ சூர்யா, கொடி காலையிலேயே ஏற்றியிருந்ததா?"

"ஏற்றியிருந்தது, சயா."

தங்கமணி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உதயசூரியன் முகத்தைப் பார்த்தார். நிறுத்திவிட்டார். பசுவிடம் திரும்பிப் போனார். அது மதியத்துக்குள் செத்துப்போனது.

ஊ லா பே போன பிறகு முத்து முகம்மது உதயசூரியனைத் தனியே கூப்பிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"தம்பி, கதவத் தொறந்தது நாங்க. கொடிய மறந்தது நாங்க. நாளைக்கு நான் ஆபீசுக்குப் போயி உள்ளதச் சொல்லிடுறேன்."

"வேணாம் பாய். சாவி எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. எனக்கு நாலு புள்ளைங்க."

"அந்தப் பொம்பள?"

"நான் பாத்துக்கறேன்."

முத்து முகம்மது ஆபீசுக்குப் போகவில்லை. பசுவுக்குப் பதிலாகக் கன்றோடு ஒரு மாடு வாங்கித்தர ஆள் அனுப்பினார். தங்கமணி வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. எச்சரிக்கைக் கொடியை மதிக்காமல் மேய்க்கிறார்கள், இது ஆபத்து. காப்பு நிலத்தில் இனி மாடு கூடாது. அதைச் சொல்லிவரும் வேலை காவலருடையது. உதயசூரியன் வீடு வீடாகப் போனார். தங்கமணியின் வாசலுக்குக் கடைசியாகத்தான் போனார்.

"நீங்களே சொல்ல வந்தீங்களா?" என்றார் தங்கமணி.

"உத்தரவு, தங்கம்."

"மாட்ட நாங்க எங்க கொண்டு போறது?"

தங்கமணி உள்ளே போய்க் கதவைச் சாத்தவில்லை, திட்டவில்லை. தொழுவத்தைக் கூட்டத் தொடங்கினார். கோடைக்குள் அவர் மாடுகளை விற்றுவிட்டு நகரத்துக்குள் தாமுவேக்குப் போய்விட்டார் என்று உதயசூரியன் கேள்விப்பட்டார். மற்ற குடும்பங்களும் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

கிளப் சில வருடங்கள் ஞாயிறுதோறும் வந்தது. உதயசூரியன் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஒரு ஞாயிறுகூட விடுப்பு எடுக்கவில்லை. கொடியைத் தன் கையாலேயே ஏற்றினார். மாடுகளே இல்லாத பொட்டலில் அது பறந்தது. பிறகு கிளப்புக்கு வேறிடத்தில் சுவரும் கூரையுமாக ஒரு கொட்டகை கிடைத்தது, அவர்களும் போய்விட்டார்கள். இலாகா கம்பிவேலி போட்டு மரக்கன்று நட்டது. அவர் ஓய்வு பெற்ற வருடம் பொட்டல் என்று சொல்ல முடியாதபடி பச்சை ஏறியிருந்தது. வழியனுப்பும் கூட்டத்தில், துப்பாக்கியையும் மாட்டையும் வெளியேற்றி ஏரியைக் காப்பாற்றியவர் என்று அவரைப் புகழ்ந்தார்கள். மாலையோடு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

கமலாட்சிக்கு விஷயம் முன்பே தெரியும். "இப்ப என்னத்துக்கு அத நெனச்சுக்கிட்டு? அன்னைக்கு வேல போயிருந்தா நாம என்ன ஆயிருப்போம்?" என்றார்.

"என்ன ஆயிருப்போம்? ஏதோ ஆயிருப்போம். அவளும் ஏதோ ஆயிட்டாளே."

"போயிப் பாத்துட்டு வாங்க அப்ப. என்கிட்ட சொல்லி என்ன?"

போக அவருக்கு மூன்று வருடம் பிடித்தது. நர்கீஸ் புயலுக்கு அடுத்த வருடம், தாமுவே சந்தைக்குப் பின்னால் விசாரித்து விசாரித்து ஒரு தையல் கடையைக் கண்டுபிடித்தார். புஷ்பலதா மெஷினில் உட்கார்ந்திருந்தார். தங்கமணி பக்கத்தில் பாய்மீது சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. உதயசூரியனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்கண்ணே. மெலிஞ்சு போயிட்டீங்க."

புஷ்பலதா மெஷினை நிறுத்தவில்லை.

உதயசூரியன் தயார் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அன்னைக்கு நான் பொய் சொன்னேன், தங்கம்" என்றார்.

"அது எனக்குத் தெரியாதா? நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

"ஒனக்காக நான் சொல்லியிருக்கணும்."

தங்கமணி ஊசியில் நூல் கோத்தார். "பொய் சொன்னது எனக்குப் பெருசாத் தோணலண்ணே. பயத்துல எல்லாரும் சொல்றதுதான். நான் கூப்புட்டேன். நீங்க ஓடியாந்ததப் பாத்து, அப்பாடா, அண்ணன் வந்துட்டாருன்னு நெனச்சேன். நீங்க கம்பத்துக்கு ஓடுனீங்க."

உதயசூரியன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஆபீசுல போயி உண்மையச் சொல்லப்போறேன்" என்றார் உதயசூரியன்.

"சொல்லுங்க. யாரு வேணாம்னா?"

சொன்னபடி போனார். கியாக்டடாவில் இருந்த இலாகா அலுவலகத்தில் ஊ லா பேயின் நாற்காலியில் இளம் அதிகாரி ஒருவர் இருந்தார். பெரியவரை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "ஆனால் பெரியவரே, மாடுகள் போனது ஏரிக்கு நல்லதுதானே? எப்படியும் ஒருநாள் போகச் சொல்லியிருப்போம்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். மாட்டுக்காரர்கள் விதியை மீறவில்லை என்றாவது எங்காவது பதிந்துவைக்க முடியுமா என்று உதயசூரியன் கேட்டார். இப்போது அங்கே மாட்டுக்காரர்களே இல்லையே என்று அதிகாரி சொன்னார். உதயசூரியன் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

மறுவாரம் தாமுவேக்குப் போய் நடந்ததைச் சொன்னார். தங்கமணி கேட்டுக்கொண்டார். "எப்படியும் போகச் சொல்லியிருப்பாங்களா?" என்று ஒருமுறை மட்டும் கேட்டார். பிறகு, பித்தான் வைத்த சட்டைகளைச் சந்தையில் இருக்கிற கடைவரை கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா, முழங்கால் வலிக்கிறது என்றார்.

உதயசூரியன் மூட்டையைத் தூக்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் அவ்வப்போது போனார். தங்கமணி அவரை வரச் சொன்னதில்லை. வர வேண்டாம் என்றும் சொன்னதில்லை. புஷ்பலதா கடைசிவரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாயிரத்துப் பத்தில் தையல் கடையைக் காலி செய்துவிட்டுத் தாயும் மகளும் வேறெங்கோ போனார்கள். எங்கே என்று பக்கத்துக் கடையில் கேட்டார், அவர்களுக்கும் தெரியவில்லை.