மாற்றி எழுதிய பாடு

பெரிய வெள்ளியன்று சாமியார் ஆண்டவருடைய பாடுகளை வாசித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ஒருவர் பக்கத்திலிருந்தவரின் காதைக் கடித்தார்.

"ஆண்டவருக்கு எத்தினி பாடுடா? நமக்கு மாசத்துக்கு ஒண்ணு வர மாட்டேங்குது."

"முகத்துவாரமே அவருதுதான். கம்முனு கேளு."

நானும் சிரித்தேன். முகத்துவாரத்தில் கடலோடு சேரும் எங்கள் ஏரியில் பாடு என்றால் முறை. எந்த இடத்தில், எந்த நாளில், எந்த வீட்டார் வலை கட்டலாம் என்று சீட்டு எடுத்து முடிவு செய்வோம். நீர் வேகமாக ஓடும் அமாவாசைப் பாடு விழுந்தால் அந்த வீட்டுக்கு அந்த மாதம் இறாலுக்குக் குறைவில்லை. சிரித்த வாயை மூடுவதற்குள் அந்தச் சொல் என் பக்கம் திரும்பிவிட்டது. இன்னொருவர் பாட்டை எடுத்தவன் நான். அதனால் அவர் பட்டதும் பாடுதான். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்திருக்கிற ஊரில் பிறந்தும் எனக்கு அது அன்றுதான் உறைத்தது.

உபதேசியாரிடம் எழுதப் படிக்கக் கற்றவன் நான். கோட்டையில் ஒல்லாந்தருக்குத் துணிப்பொதிகளின்மேல் குறி எழுதுவது என் வேலை. அதனாலேயே பாடுகளின் வரிசையை ஓலையில் எழுதும் பொறுப்பையும் ஊர் என்னிடம் விட்டது. மூன்று வருடத்துக்கு முன்பு பக்கத்து வீட்டு மாமாவுக்கு விழுந்த அமாவாசைப் பாட்டில் எங்கள் வீட்டைப் போட்டு, எங்களுடைய மந்தமான நாளை அவருக்கு எழுதினேன்.

"சீட்டுல வேற மாரி விழுந்தாப்பல இருந்துச்சே" என்றார் மாமா.

"ஓலையில இப்படித்தான் கீது மாமா" என்றேன்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்த அமாவாசையில் எங்கள் வலை நிறைந்தது. அவர் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கஞ்சி.

சாமியார் மயிலாப்பூரிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை தோணியில் வருவார். கோட்டைக்காரர்கள் வேறு சபை; அவர்களுக்கு எங்கள் குருக்களைப் பிடிக்காது. ஆனாலும் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு அவரிடம் போகாமல், முதல் வருடம் கோட்டையில் வேலை என்றேன். அடுத்த வருடம் காய்ச்சல் என்றேன். கடவுளிடம் நேராகச் சொன்னால் போதாதா என்று ஒல்லாந்தர் கேட்பதை நானும் கேட்டுப் பார்த்தேன். நேராகவும் ஒரு நாளும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

இந்தப் பெரிய வெள்ளி சாயங்காலமே அவரிடம் போய்விட்டேன். வலைக் கொட்டகையில் பழைய தோணிப் பாயைத் திரையாகக் கட்டி, அந்தப் பக்கம் சாமியார் உட்கார்ந்திருந்தார்.

"சாமி, இன்னொருத்தர் பாட்டைத் திருடிட்டேன்."

"எந்தப் பாட்டு? எங்கே, பாடிக் காட்டு" என்றார்.

அவர் ஏரிக்காரர் இல்லை. அழுவதற்குத் தயாராகப் போனவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு அமாவாசை, நீரோட்டம், சீட்டு என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அப்படி விளக்கியதில் ஒன்றையும் மறைக்க இடமில்லாமல் போயிற்று. அவர் திட்டவில்லை. "அவர்கிட்ட உன் வாயால சொல்லு. உன் முறையை அவருக்குக் கொடு" என்றார். பாவமன்னிப்பு கொடுத்தார். வெளியே வந்து கரையில் நின்றேன். யாராவது எதிரே வந்தால் பேச வேண்டும்போல் இருந்தது; யாரையும் தவிர்க்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் மாமா வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த அமாவாசைப் பாடு உங்களுது. நான்தான் மாத்தி எழுதினேன். வர்ற அமாவாசை எங்க பாடு, நீங்க கட்டுங்க."

அவர் தலை நிமிரவில்லை. "எனக்குப் படிக்கத்தான்டா தெரியாது. சீட்டுல இன்னா விழுந்துச்சுனு மறந்தா பூடும்?"

"அப்பவே தெரியுமா? ஊர்ல ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க நைனா தலையத் தொங்கப் போட்டுக்குவாரு. அவரு இன்னா பண்ணாரு பாவம்."

"நேத்து உங்களைச் சாமியார்கிட்டக் காணோமே?"

"உன்மேல கோவத்த வச்சிக்கினு எப்டி போறது? மன்னிச்சிட்டேன்னு அங்க போய்ப் பொய் சொல்லணும். மூணு வருசமா நானும் போவல."

நான் ஒளிந்துகொண்டதில் அவரும் வெளியே நின்றிருக்கிறார். என் நைனாவுக்காக வாயை மூடிக்கொண்ட மனுஷர். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? இதைப் படிப்பவர்களில் பல வருடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாதவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காக இல்லாவிட்டாலும் போங்கள். உங்களால் போக முடியாமல் நிற்கிறவர் ஒருவர் உங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம்.

உயிர்ப்புத் திருநாள் பூசை முடிந்ததும் சாமியார் ஆரம்பாக்கத்துக்குப் போய்விட்டார். புதன்கிழமைவரை அங்கேதான் இருப்பார். தோணியில் அங்கே போய் அவரைப் பார்த்து வரலாம் என்று நேற்று மாமாவைக் கூப்பிட்டேன்.

"கோவம் இன்னும் போவலடா" என்றார்.

"கோவத்தோடயே வாங்க மாமா. அதையும் அவர்கிட்டயே சொல்லிடலாம்."

"காத்து மாறிச்சுனா உன்னால தோணி தள்ள முடியாது. கோட்டையில குந்திக்கினு எழுதற கை."

வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாளை விடிந்ததும் தோணியை அவர் வீட்டுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தப்போகிறேன்.