ஏரம்புவின் சீசன் ரிக்கற்

தீவுப்பக்கத்து நாரந்தனை ஏரம்பு சாவகச்சேரிக் கந்தோர் வேலைக்கு யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறுபவர். தினமும் காணும் முகம் என்றாலும், ஸ்ரேஷன் வாயிலில் ரிக்கற் பார்க்கும் யாகப்பு அவரது மாதச் சீசன் ரிக்கற்றைப் பார்க்காமல் அவரை விட்டதில்லை.

தொண்ணூறில் சண்டையால் ரயில் நின்றுபோனது. யாகப்புவும் ஷெல்லடியில் செத்துப்போனார். தீவை விட்டு ஓடிவந்து நகரில் தங்கியிருந்த ஏரம்பு, ஒரு மத்தியானம் இடிந்த ஸ்ரேஷனுக்குள்ளால் குறுக்கே நடந்தார். வாயிலைத் தாண்டும்போது காதோரம் யாகப்புவின் குரல் கேட்டது.

"அண்ணை, சீசன்?"

சுற்றிலும் ஒருவருமில்லை. பழக்கத்தில் பையிலேயே கிடந்த ரிக்கற்றை எடுத்து வெறுங்காற்றில் நீட்டினார்.

"பழசுதான், தம்பி. புதுசு எடுக்க ஏலாது."

விரல்களிலிருந்து ரிக்கற் மெல்ல இழுபட்டது. சற்று நேரத்தில் திரும்பக் கைக்குள் வந்தது.

"ஓம், போங்கோ."

ஏரம்பு திரும்பிப் பாராமல் நடந்தார். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. மனைவி மீனலோசனி காரணம் கேட்டபோது, "அந்த மனுசனுக்கு இன்னும் டியூற்றி முடியேல்லை" என்று மட்டும் சொன்னார்.