ஏப்ப அக்காவும் காஜாக்காரி மகளும்

இடது முன்கையின் மேல் குழந்தை குப்புறக் கிடக்கிறது. கன்னம் முழங்கை மடிப்பில், முகம் வெளிப்பக்கம். உள்ளங்கை அடிவயிற்றைத் தாங்கியிருக்க, வலது கை இடுப்பிலிருந்து தோள்வரை மெல்ல ஏறுகிறது. தட்டுவதில்லை, தடவுவதுதான். அழுகை நிற்கவில்லை. கைகளும் அவசரப்படவில்லை.

எங்கள் தையல் கம்பெனியில் அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரரை ஏப்ப அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பால் குடித்த குழந்தை ஏப்பம் விடும்வரை பக்கத்தில் யாரையும் பேசவிடமாட்டார். வந்துவிட்டால் பரிசு வாங்கியவர் மாதிரி முகம் மலரும். கல்யாணத்தன்றுகூட இவள் இப்படிச் சிரிக்கவில்லை என்று அவர் கணவரே கிண்டல் செய்வார்.

முன்பு அக்கா காலர் தைத்தவர். பேக்கிங் அறைக்குப் பின்னால் குழந்தைக் காப்பகம் திறந்தபோது, மெஷினை விட்டுவிட்டு யார் பீத்துணி அலசுவது என்று எல்லாரும் ஒதுங்கினோம். அக்கா தானாகப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய மகன் பிறந்த புதிதில் ஓயாமல் அழுதவன். பால் போதவில்லை என்றார் மாமியார். பிடிவாதம் என்றார் கணவர். அக்கா மட்டும் உட்கார்ந்து பார்த்தார். பசி என்றால் வாய் தேடும், தூக்கம் என்றால் பார்வை நழுவும், வயிறு என்றால் முழங்கால் மேலே வரும். தையல் பிசிறினால் மெஷினைத் திட்டாமல் நூல் எங்கே சிக்குகிறது என்று பார்ப்பவருக்கு அது புதிய வேலையாகத் தோன்றவில்லை.

அன்று அவர் கையில் கிடந்தது, சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் பெண்ணின் மகள். இந்தக் குழந்தை அழ ஆரம்பித்தால் காப்பகமே எழுந்து உட்கார்ந்துவிடும். மற்ற தாய்மார்கள் முணுமுணுத்தார்கள். வாரக் கடைசிக்குள் அடங்காவிட்டால் குழந்தையோடு வீட்டிலேயே இருந்துகொள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். போனால் அந்த மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவாள் என்பது காஜாக்காரிக்குத் தெரியும்.

டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார் அக்கா. அது அவர் சட்டம். காய்ச்சல் இல்லை, எடை நன்றாக ஏறுகிறது, நோய் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் நிம்மதியாகக் கவனிக்க ஆரம்பித்தார். ஆனால் பார்த்தது குழந்தையை அல்ல, அம்மாவை.

டீ இடைவேளையில் காஜாக்காரி ஓடி வந்தாள். கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு பக்கம் கொடுத்தாள். பால் பீறிட, குழந்தை திணறித் திணறி விழுங்கியது. அது கொஞ்சம் நிதானப்பட்டதும் பிடுங்கி மறுபக்கம் மாற்றினாள். அங்கேயும் அதே திணறல்.

"எதுக்கும்மா பாதியில மாத்துற?"

"பெல் அடிக்கிறதுக்குள்ள ரெண்டு பக்கமும் முடிச்சிடணுமேக்கா."

"இது என்ன சட்டைக் கையா, ஜோடியா முடிச்சு அனுப்ப?"

காஜாக்காரி சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், அது அழுகையில் முடிந்தது. அக்கா அவளைச் சற்றுச் சாய்ந்து உட்காரவைத்தார். முதலில் பீறிடுவதைத் துணியில் விட்டுவிட்டு, பிறகு கொடுக்கச் சொன்னார். இந்த வேளைக்கு ஒரு பக்கம் போதும், அதை முழுசாகக் குடிக்கட்டும், அப்போதுதான் பாலோடு காற்றையும் விழுங்காது என்றார். வயிறு நிறையாவிட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள்.

"நிறைஞ்சா அவளே வாயை எடுத்திடுவா. அவளைப் பாரு, கடிகாரத்தைப் பாக்காத. இன்னும் வேணும்னு தேடினா அப்ப அடுத்த பக்கம் குடு."

அதற்கு இடைவேளை போதாது. அக்கா சூப்பர்வைசரிடம் போனார். லைன் நின்றுவிடும் என்று அவர் உதட்டைப் பிதுக்கினார். "சரி தம்பி, அந்த நேரம் நான் காஜா எடுக்கிறேன். நீங்க வந்து என் பிள்ளைங்களைப் பாத்துக்கங்க" என்றார் அக்கா. உள்ளே அப்போது மூன்று தொண்டைகள் ஒன்றாகத் திறந்திருந்தன. கேட்ட நேரம் கிடைத்தது.

மறுநாளும் குழந்தை அழுதது. அதற்கடுத்த நாள் அழுகைக்கு நடுவே இடைவெளி விழுந்தது. அக்கா முன்கையை நீட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வேளையும் நிமிர்த்திப் பிடித்து ஏப்பத்துக்குக் காத்திருந்தார்.

வாரக் கடைசி நாள், வேலை முடிந்து மெஷின்கள் ஓய்ந்தன. சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றார். சத்தமே வராததால் தூங்குகிறாளாக்கும் என்று நினைத்து, காஜாக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் வந்தாள். நாங்களும் பின்னால் எட்டிப் பார்த்தோம்.

அக்காவின் தோளில் குழந்தை கைகால் தளர்ந்து கிடந்தது. கண்கள் அகலத் திறந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தன.

"முழிச்சுத்தான் இருக்கா," என்றார் அக்கா, சூப்பர்வைசர் காதிலும் விழும்படி. "இந்தா, பிடி." அம்மாவின் இரு கைகளிலும் மகளை வைத்தார்.